ராஜேந்திர சோழன் போன கடல்வழி: ஒரிஜினல் மேப் எங்க கிடைக்கும்?

நாகூர்_மெயில் (இழை தொடங்கியவர்)
எல்லாருக்கும் வணக்கம். பொண்ணு எட்டாவது படிக்கிறா, ஸ்கூல் எக்ஸிபிஷனுக்கு "பழங்கால கடல் வழிகள்"னு சார்ட் பண்ணணுமாம். நம்ம ஊரு பக்கத்துலயே நாகப்பட்டினம் இருக்கு, வேற என்னத்த வரையறதுன்னு ராஜேந்திர சோழன் கடாரம் (இப்ப மலேசியாவுல இருக்கற கெடா) போன வழிய எடுத்தோம். வாட்ஸப்புல எல்லாருக்கும் வந்திருக்குமே அந்த படம், நாகையில இருந்து கடாரம் வரைக்கும் பட்டையா ஒரு செவப்பு கோடு, நடுவுல புலிக்கொடி கப்பல், கீழ 1025னு போட்டு. அதையே பெருசா வரைஞ்சு முடிச்சிடலாம்னு உக்காந்தா அவ கேக்கறா, "அப்பா, இந்த கோட்ட எந்த மேப்ப பாத்து போட்டாங்க?" எனக்கு பதில் தெரியல. ராத்திரி 12 மணி வரைக்கும் தேடினேன், அதே செவப்பு கோடு பத்து விதமா வருது, ஒண்ணுல இலங்கைய சுத்தி போகுது, ஒண்ணுல அந்தமானுக்கு மேல போகுது. சோழர் காலத்து மேப் ஏதாவது லைப்ரரில இருக்கா? தெரிஞ்சவங்க லிங்க் குடுங்க ப்ளீஸ்.

கல்லெழுத்து
லிங்க் கிடைக்காது சார், ஏன்னா அப்படி ஒரு மேப்பே நம்ம கைக்கு வரல. கையில இருக்கறது மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டு ஆரம்பத்துல ராஜா புகழ சொல்ற பாட்டு. "அலைகடல் நடுவுட் பலகலஞ் செலுத்தி"ன்னு ஆரம்பிச்சு கடாரத்து அரசன் சங்கிராம விசையோத்துங்க வர்மன பிடிச்சத சொல்லிட்டு வரிசையா ஊர் பேரா போகும். ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், மாப்பப்பாளம், மேவிளிம்பங்கம், வளைப்பந்தூறு, தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம். மொத்தம் 13. அவ்ளோதான். எந்த மாசம் கிளம்பினாங்க, எத்தன கப்பல், எந்த துறையில முதல்ல எறங்கினாங்க, ஒண்ணும் கிடையாது.

இன்னொரு விஷயம். இந்த வரிசைய அப்படியே கோடு போட்டு இணைச்சு பாருங்க. ஸ்ரீவிஜயம்னா சுமத்ராவோட தெக்கு பக்கம் பாலெம்பாங். இலங்காசோகம் இப்ப தாய்லாந்து பட்டானி பக்கம். மாநக்கவாரம் நிக்கோபார், அது போற வழியிலயே இருக்கு, ஆனா லிஸ்ட்ல கடைசிக்கு முன்னாடி வருது. கடாரம், அதாவது கெடா, கடைசி. அப்படியே இணைச்சா குடிகாரன் சைக்கிள் ஓட்டின மாதிரி வரும். ஆக இது போன வழியோட வரிசையே இல்ல, செய்யுளுக்காக அடுக்கினது. மாப்பப்பாளம், வளைப்பந்தூறு எல்லாம் எங்கன்னு இன்னும் அடிச்சிக்கிறாங்க. செவப்பு கோடு மொத்தமும் நம்ம காலத்து ஆளுங்க போட்டது.

சந்தேகப்பிராணி
அப்ப மேப்பே இல்லாம அவ்வளவு பெரிய படை கடல் தாண்டிச்சுன்னு சொல்றீங்களா? நம்புற மாதிரி இல்லையே. இருந்திருக்கும், ஓலைச்சுவடியா இருந்து அழிஞ்சிருக்கும்.

வாடைக்காத்து
@சந்தேகப்பிராணி எங்கப்பா 40 வருசம் கடலுக்கு போனவரு, குமரி மாவட்டம். வீட்ல ஒரு மேப் கிடையாது. ஆனா ஆழத்துல கெடக்கற பாறை மேல, அதாவது மீன் இருக்கற எடத்துல, சரியா கொண்டு போய் வள்ளத்த நிறுத்துவாரு. எப்படின்னா கணியம். கரையில ரெண்டு அடையாளம், கோயில் கோபுரமும் பின்னாடி இருக்கற மலை முகடும் ஒண்ணு மேல ஒண்ணு வந்துச்சுன்னா ஒரு கோடு, இன்னொரு பக்கம் தென்னந்தோப்பு மூலையும் வேற ஒரு மலையும் சேர்ந்தா இன்னொரு கோடு, ரெண்டும் வெட்டிக்கிற எடம்தான் பாறை. இத யாருக்கும் சொல்லமாட்டாரு, தம்பிக்கு மட்டும் சொன்னாரு, எனக்கே சொல்லல (நான் ஐடிஐ படிக்க போயிட்டேன்ல). மேப் இல்லன்னா வழி தெரியாதுன்னு நெனைக்கிறது நம்ம கூகுள் மேப் காலத்து நெனப்பு.

ரயில்பிரியன்
செம இழை. சோழனுக்கு இல்ல, ஆனா அதுக்கு முன்னாடியே நம்ம கடற்கரைய காட்டுற ஒரு வழி மேப் இருக்கு, பாயிட்டிங்கர் மேப்புனு சொல்வாங்க. ரோமானிய மேப், 4ஆம் 5ஆம் நூற்றாண்டுல உருவானதா சொல்றாங்க, இப்ப இருக்கறது அதோட பிரதி, 12 இல்ல 13ஆம் நூற்றாண்டுல ஐரோப்பாவுல யாரோ ஒரு புண்ணியவான் தோல்ல காப்பி எடுத்தது. நீளம் கிட்டத்தட்ட 6.75 மீட்டர், உயரம் வெறும் 34 சென்டிமீட்டர். முழு உலகத்தையும் ஒரு வேட்டிக்கரை மாதிரி இழுத்து விட்டிருக்கான். மத்தியதரைக் கடல பாத்தா கூவம் மாதிரி ஒல்லியா ஓடும். ரோடு எல்லாம் செவப்பு கோடு, கோட்ல அங்கங்க ஒரு முறிவு, ஒவ்வொரு முறிவும் ஒரு ஸ்டாப்பிங், ஸ்டாப்பிங் பேரும் அடுத்த ஸ்டாப்பிங்குக்கு எத்தன மைல்னும் எழுதியிருக்கும்.

சென்னை பீச்–தாம்பரம் வண்டியில கதவுக்கு மேல ஒட்டியிருப்பாங்களே, அதேதான்! அதுல மாம்பலம் கோடம்பாக்கத்துக்கு எந்த திசைன்னு யாராவது பாக்கறமா, அடுத்த ஸ்டேஷன் என்னன்னுதான் பாக்கறோம். வடக்கு தெக்கு எல்லாம் அதுல செத்துப்போச்சு, ஆனா வழி சரி.

வலது ஓரத்துல இந்தியா. அங்க முசிறி (கேரளக் கரையில இருந்த பழைய மிளகு துறைமுகம்) இருக்கு, பக்கத்துல முட்டை மாதிரி ஒரு ஏரி, ஒரு சின்ன கட்டடம் வரைஞ்சு அகஸ்டஸ் கோயில்னு எழுதியிருக்கு. தள்ளி இலங்கை தீவு. இடது ஓரம், பிரிட்டன் ஸ்பெயின் இருக்க வேண்டிய தாள், பெரும்பகுதி தொலைஞ்சு போச்சு, மிச்சம் 11 துண்டு.

சந்தேகப்பிராணி
4ஆம் நூற்றாண்டுனு எப்படி சொல்றாங்க? அதுல பாம்பெய் இருக்குனு எங்கயோ படிச்சேன். அது 79லயே எரிமலையில பொதஞ்சு போச்சே.

ரயில்பிரியன்
இருக்கு, அதான் அழகே. ஆனா கான்ஸ்டான்டிநோபிளும் இருக்கு, அந்த பேரு வந்ததே 4ஆம் நூற்றாண்டுல. ஆக ஒரு மேப்புல பல காலம் ஒட்டிக்கிட்டு இருக்கு. பழசு மேல புதுச எழுதுவாங்க, பழச அழிக்கமாட்டாங்க. நம்ம டவுன் பஸ் போர்டுல இடிச்சு போட்ட தியேட்டர் பேரு இன்னமும் ஸ்டாப்பிங்கா இருக்கறதில்லையா.

வியன்னா_குளிர்
நான் இருக்கற ஊர் வியன்னா, அதான் எழுதறேன். அந்த பாயிட்டிங்கர் மேப் இங்க ஆஸ்திரிய தேசிய நூலகத்துலதான் இருக்கு. பொதுவா காட்சிக்கு வைக்கமாட்டாங்க, தோல் அவ்வளவு மோசம், தாள் தாளா பிரிச்சு வச்சிருக்காங்க. நான் பாத்தது நகல்தான், அதுக்கே முசிறின்னு படிச்சப்ப என்னமோ மாதிரி ஆயிடுச்சு, வெளிய மைனஸ் 4, உள்ள மிளகு.

யாரும் சொல்லாத ஒண்ணு சொல்றேன். முசிறி பாப்பிரஸ் (எகிப்து நாணல் தாள்ல எழுதினது) கேள்விப்பட்டிருப்பீங்க, 2ஆம் நூற்றாண்டு கடன் ஒப்பந்தம், பின்பக்கத்துல ஹெர்மபோலோன்ங்கற கப்பல்ல வந்த சரக்கு கணக்கு, மதிப்பு கிட்டத்தட்ட 70 லட்சம் செஸ்டெர்ஸ் (ரோமானிய காசு), அதுக்கு 25 சதவீதம் வரி. அதுவும் இதே நூலகத்துலதான் இருக்கு! ஒரே நூலகத்துல முசிறிய படமா காட்டுற மேப்பும், முசிறி சரக்க எப்படி கொண்டு போகணும்னு எழுதின தாளும். அந்த தாள்ல வழி எப்படி இருக்குன்னா, செங்கடல்ல எறக்கின சரக்க ஒட்டகத்துல ஏத்தி பாலைவனம் தாண்டி நைல் ஆத்தங்கரையில காப்டோஸ், அங்க பொது கிடங்குல வச்சு முத்திரை, பெறகு ஆத்து படகுல அலெக்சாண்டிரியா, அங்க மறுபடி கிடங்கு, மறுபடி முத்திரை. படம் ஒண்ணு கூட கிடையாது. ஆனா எனக்கு மேப்ப விட இதுதான் வழி மாதிரி இருக்கு, யார் கையில சரக்கு எப்ப மாறுதுன்னு தெரியுதே.

கொடுங்கல்லூர்_பஸ்
அகஸ்டஸ் கோயில் எங்க ஊர்ப்பக்கம்னு பெருமையா சொல்லிக்குவோம் :) ஆனா முசிறி இருந்த எடம்னு சொல்ற பட்டணம் கிராமத்துல 2007ல இருந்து தோண்டினதுல ரோமானிய ஜாடி துண்டு ஏகப்பட்டது கிடைச்சுது, கோயில் மட்டும் கிடைக்கல.

சந்தேகப்பிராணி
அதான் சொல்றேன், மேப்புல இருக்கறதெல்லாம் நம்பக்கூடாது. டாலமினு பழைய கிரேக்க புவியியல்காரர், அவரு மேப்ப பாருங்க, இலங்கை இந்தியா அளவுக்கு ஊதிக் கெடக்கு, நம்ம தீபகற்பத்தையே காணோம், கடற்கரை மேக்க இருந்து கெழக்க படுத்து கெடக்கு. அவன நம்பி கப்பல் ஓட்டினா எங்க போய் நிப்போம்?

கல்லெழுத்து
அவன நம்பி யாரும் ஓட்டல, அதான் பாயிண்ட். டாலமி அலெக்சாண்டிரியாவுல உக்காந்து எழுதினவரு. கப்பல்காரன் வச்சிருந்தது பெரிப்ளூஸ் மாதிரி எழுத்து. 1ஆம் நூற்றாண்டு, எகிப்துல இருந்து வியாபாரம் பண்ண கிரேக்கம் தெரிஞ்ச ஒருத்தர், பேரு கூட தெரியாது, துறைமுகம் துறைமுகமா எழுதி வச்சிருக்காரு. எகிப்துல இருந்து ஜூலையில கிளம்புன்னு மாசம் சொல்றாரு. எங்க என்ன விக்கும், எங்க திருடன் இருக்கான், எல்லாம். முசிறிக்கு தெக்க நெல்கிண்டா, அதோட ஆத்து வாயில பகரேன்னு ஒரு ஊர். அங்க கரை கண்ணுக்கு தெரியறதுக்கு முன்னாடியே ஒரு அடையாளம் சொல்றாரு பாருங்க: கடல்ல பாம்பு எதிர்ல வரும், கறுப்பா குட்டையா, ரத்தச் செவப்பு கண்ணோட. பரிகாசா, அதாவது குஜராத்து பரூச் பக்கம் வர்ற பாம்பு வேற மாதிரி. பாம்ப பாத்து எந்த கரைன்னு தெரிஞ்சிக்கணும்.

வாடைக்காத்து
பாம்பு மேட்டர் நூத்துக்கு நூறு சரி. தண்ணி நெறம், பாம்பு, பறவை போற திசை, நீவாடு (கடல் நீரோட்டம்), இதெல்லாம் கரை கிட்ட வந்துட்டத சொல்லிரும். இத எந்த மேப்புல வரைவீங்க?

யாழ்ப்பறவை
நானும் ஒரு கதை சொல்றன். சீனத் தளபதி செங் ஹோ 1405இல இருந்து 1433 வரைக்கும் 7 தரம் இந்தப் பக்கம் வந்தவர். இலங்கையில காலி எண்ட ஊரில அவர் வச்ச கல்லு, 1409 எண்டு தேதி போட்டது, இப்ப கொழும்பு மியூசியத்தில நிக்குது, நான் பாத்தனான். மூண்டு மொழி, சீனம், தமிழ், பாரசீகம். சீனத்தில புத்தருக்கு, தமிழில தேனாவரை நாயனார் எண்ட விஷ்ணுவுக்கு, பாரசீகத்தில அல்லாவுக்கு. காணிக்கை மட்டும் கிட்டத்தட்ட ஒண்டுதான், 1000 பொன், 5000 வெள்ளி. எழுத்து இப்ப நல்லா தேஞ்சு போச்சு, தமிழ்ப் பக்கத்தில நாலஞ்சு சொல்லுதான் எனக்கு பிடிபட்டது.

அந்தப் பயணங்களோட தொடர்பான மேப் ஒண்டு இருக்கு, மாவ் குன் மேப் எண்டு சொல்லினம், பிறகு 17ஆம் நூற்றாண்டு போர்க்கலைப் புத்தகம் ஒண்டில சேர்த்து அச்சடிச்சது. 40 பக்கம். அதுவும் @ரயில்பிரியன் சொன்ன மாதிரி நீட்டுத் துண்டுதான், வடக்கு அங்கங்க திரும்பிக்கொண்டே இருக்கும். புள்ளிக்கோடு போட்டு அதுக்குப் பக்கத்திலயே எழுத்து, திசைகாட்டியில எந்த முனை, எத்தினை "கெங்" (ஒரு நாளை 10 கூறாக்கினா ஒரு கூறு), நட்சத்திரம் எத்தினை விரல் உயரம். கடைசியில நட்சத்திரப் படம் 4. இந்தியாவத் தாண்டினாப் பிறகு விரல் கணக்குத்தான் கூட வரும், ஏனெண்டா கரையை விட்டுட்டு திறந்த கடல்ல போகினம்.

அம்பாசமுத்திரம்_அம்பி
விரல்னா நெஜ விரலா?

யாழ்ப்பறவை
கைய நீட்டிப் பிடிச்சா ஒரு விரல் மறைக்கிற கோணம். கிட்டத்தட்ட 1 டிகிரி 36 நிமிசம். அரபு மாலுமியளும் இதே கணக்குத்தான், "இஸ்பா" எண்டால் விரல்.

வாடைக்காத்து
நம்மாளுங்க கிட்டயும் இருந்துச்சு, இராப்பலகை. சோழமண்டலக் கரையில 19ஆம் நூற்றாண்டு வரைக்கும் வச்சிருந்ததா வெள்ளைக்காரன் எழுதி வச்சிருக்கான். சின்ன பலகை, நடு ஓட்டையில ஒரு கயிறு. கயித்த பல்லுல கடிச்சிக்கிட்டு, பலகையோட கீழ் விளிம்பு கடல் கோட்டுல, மேல் விளிம்பு துருவ நட்சத்திரத்துல வர்ற மாதிரி முன்ன பின்ன நகத்தணும். கயித்துல முடிச்சு, ஒவ்வொரு முடிச்சும் ஒரு ஊர். பலகை அந்த ஊர் முடிச்சுல சரியா நின்னா அந்த ஊருக்கு நேரா வந்துட்டோம், இனி நேரா கரைய பாத்து ஓட்ட வேண்டியதுதான். மொத்த கடற்கரையும் ஒரு மொழம் கயித்துல! @நாகூர்_மெயில் சார்ட்ட விட்டுட்டு பாப்பாவுக்கு இத செஞ்சு குடுங்க. தீப்பெட்டி அட்டை போதும்.

சந்தேகப்பிராணி
ஒரு நிமிஷம், இத ராஜேந்திரன் தலையில கட்டிடாதீங்க. 1025ல இந்த பலகை நம்மகிட்ட இருந்ததுக்கு ஆதாரம் கிடையாது. அது மட்டும் இல்ல, அப்ப துருவ நட்சத்திரம் துருவத்துலயே இல்ல. வானம் மெல்ல திரும்புது, 1000 வருசம் முன்னாடி அது துருவத்துல இருந்து 5 டிகிரிக்கு மேல தள்ளி சுத்திக்கிட்டு இருந்துச்சு. கடாரம் இருக்கறதே 6 டிகிரி பக்கம். அந்த நட்சத்திரம் சில நேரம் கடலோட ஒட்டிக்கிட்டு கெடந்திருக்கும், பாக்கவே முடியாது.

வாடைக்காத்து
இத ஒத்துக்கறேன். (முதல் தடவையா உங்ககிட்ட)

மிளகுரசம்
எனக்கு இந்த கோடுங்கள பாத்தா எரிச்சல் வர்றதுக்கு வேற காரணம். கோட்ல மாசம் இல்ல. வாஸ்கோ ட காமா மேப் எல்லா பாடப்புத்தகத்துலயும் இருக்கு, ஆப்பிரிக்கா மாலிந்தியில இருந்து கள்ளிக்கோட்டைக்கு ஒரு வளைவு, திரும்பி வர்றதுக்கு அதுக்கு பக்கத்துலயே இன்னொரு வளைவு, ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி. நெஜத்துல வந்தப்ப 1498 ஏப்ரல் 24 கிளம்பி மே 20 கள்ளிக்கோட்டை பக்கம் வந்தாச்சு, வழிகாட்டியும் கூட இருந்தான், தென்மேற்கு காத்தும் ஆரம்பிக்கற நேரம். திரும்பறப்ப ராஜா கூட சண்டை, காத்துக்கு காத்திருக்க பொறுமை இல்ல, அக்டோபர் 5 கோவாவுக்கு தெக்க இருக்கற அஞ்சதிவ் தீவ விட்டு கிளம்பினான். வாடை (வடகிழக்கு காத்து) இன்னும் நிலைக்கல, கடல் செத்துப்போய் கெடக்கு. ஆப்பிரிக்கா கரை கண்ணுல பட்டது 1499 ஜனவரி 2. கிட்டத்தட்ட 3 மாசம். ஈறு வீங்கி ஸ்கர்வி வந்து 30 பேர் செத்தான், மூணு கப்பல ஓட்ட ஆள் பத்தாம ஒண்ண கொளுத்திட்டு போனான். அந்த 30 பேரும் அந்த ரெண்டாவது வளைவுல எங்க இருக்காங்க?

பட்டுப்பாதையும் இதே கதைதான். அந்த பேர 1877ல பிரபலமாக்கினது ரிஷ்தோஃபன்ங்கற ஜெர்மன் புவியியல்காரரு. ஒட்டகத்துக்கு பின்னாடி நடந்தவன் எவனும் தான் பட்டுப்பாதையில போறேன்னு சொன்னதில்ல, அடுத்த கிணறு எங்கன்னுதான் கேட்டிருப்பான்.

கல்லெழுத்து
@மிளகுரசம் கோடு போட்டதெல்லாம் பொய்னு சொல்லிடவும் முடியாது. செல்டன் மேப்னு ஒண்ணு, 17ஆம் நூற்றாண்டு ஆரம்பம், சீன மேப், ஆக்ஸ்போர்டு பாட்லியன் நூலகத்துல 1659ல இருந்து கெடந்து, 2008லதான் ஒருத்தர் பிரிச்சு பாத்து அடடான்னாரு. அதுல தென்சீனாவுல இருந்து கடல்வழி எல்லாம் கோடாவே போட்டிருக்கு, திசையோட. ஆனா வேடிக்கை என்னன்னா மேக்க மேப் முடியற எடத்துல கள்ளிக்கோட்டைன்னு எழுதி, அதுக்கப்புறம் ஏடன், தோஃபார், ஹோர்முஸ் போறதுக்கு எழுத்துல வழி. தாள் தீந்துச்சு, கோடு தீந்துச்சு, மறுபடி லிஸ்டு.

நிலத்துக்கு நம்மகிட்டயே ஒண்ணு இருக்கு. தருமபுரி பக்கம் கிடைச்ச மைல் கல், அதியமான் பெருவழின்னு பேரு போட்டு, நாவற்றாவளத்துக்கு காதம் 29ன்னு எழுத்துல, தமிழ் எண்ணுல, அதுக்கும் கீழ குழியா. பெரிய குழி 2, சின்ன குழி 9. எழுத படிக்க தெரியாத வண்டிக்காரன் ராத்திரி இருட்டுல கூட விரல விட்டு எண்ணிக்கலாம். இத விட நல்ல மேப் நான் பாத்ததில்ல.

ரயில்பிரியன்
குழி மேட்டர் அட்டகாசம் சார்.

நாகூர்_மெயில்
எல்லாருக்கும் நன்றி, ஆனா தலை சுத்துது. வர்ற வெள்ளிக்கிழமை சார்ட் குடுக்கணும். செவப்பு கோடு வேண்டாம், சரி. அப்ப நாகைக்கும் கடாரத்துக்கும் நடுவுல என்னத்த போடறது?

யாழ்ப்பறவை
உங்களுக்கு நேரா பொருந்துற ஒண்டு இருக்கு. 7ஆம் நூற்றாண்டு, சோழருக்கு முந்தி. சீனப் பிக்கு யிஜிங் எழுதி வச்சவர், வூசிங் எண்ட இன்னொரு பிக்கு வந்த வழி. ஸ்ரீவிஜயத்தில இருந்து மலையூர் 15 நாள், அங்கயிருந்து கடாரம் 15 நாள், அங்க குளிர்காலம் முடியுமட்டும் நிண்டு, பிறகு மேற்க 30 நாள் ஓடி நாகப்பட்டினம். பிறகு 2 நாளில இலங்கை. ஊர் பேரோட நாள் கணக்கு. இத எழுதுங்கோ, போதும்.

வாடைக்காத்து
அதான் வேணும். காத்தையும் சேத்து எழுதுங்க, தென்மேற்கு காத்து கெழக்க தள்ளும், வாடை வந்தா மேக்க தள்ளும். ரெண்டுக்கும் நடுவுல துறைமுகத்துல உக்காந்து சோறு ஆக்கி சாப்பிடணும்.

நாகூர்_மெயில்
முடிச்சாச்சு. கோடே போடல. கடல் நடுவுல வெறும் நீலம், இந்த பக்கம் நாகை, அந்த பக்கம் கடாரம், நடுவுல அம்புக்குறி போட்டு "நாகப்பட்டினம் → கடாரம் 30 நாள்". கீழ 13 ஊர் பேரும் அவளே எழுதினா, தெரியாத ஊருக்கு பக்கத்துல கேள்விக்குறி. ஓரத்துல ரெண்டு பெரிய பட்டன், ஒன்பது சின்ன பட்டன் ஒட்டியிருக்கோம், அதியமான் கல்லு. தீப்பெட்டி இராப்பலகையும் ரெடி, மொட்டை மாடியில ராத்திரி கயித்த கடிச்சிக்கிட்டு நின்னா, பக்கத்து வீட்டு அக்கா என்னடி பல்லு வலியான்னு கேட்டாங்க.

யாழ்ப்பறவை
ஐயா, அம்புக்குறி மாறிப் போச்சு. 30 நாள் கடாரத்தில இருந்து நாகைக்கு. போறதுக்கு எத்தினை நாள் எண்டு அவர் சொல்லேல்ல.

நாகூர்_மெயில்
ஐயையோ. நல்லவேளை ஃபெவிகால் இன்னும் காயல, இப்பவே பிச்சு திருப்பி ஒட்டறேன்.